டிரைவ் ஷாஃப்ட்டில் ஆட்டம்: பழைய முன்சக்கர இழுவை காரில் எங்கே லூஸ் என்று கண்டுபிடிப்பது எப்படி

பழைய காரின் முன்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும், "ஆக்ஸில் போச்சு, மாத்திடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடும். (ஆக்ஸில் என்று பேச்சில் சொல்வது டிரைவ் ஷாஃப்ட்டைத்தான்: கியர்பாக்ஸின் சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு.) மாற்றிய பிறகும் அதே சத்தம் கேட்கும். ஏனென்றால் பல நேரம் ஷாஃப்ட் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்றுதான் தளர்ந்திருக்கும். சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே, எது தளர்ந்திருக்கிறது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். மீதிக்குத்தான் ஜாக்கியும் டார்ச் லைட்டும்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். முன்சக்கரம் இழுக்கும் காரில் பக்கத்துக்கு ஒரு டிரைவ் ஷாஃப்ட் இருக்கும். அதன் உள்முனை கியர்பாக்ஸுக்குள் செருகி, சர்க்கிளிப் என்ற ஒரு சின்ன வளையக் கிளிப்பில் மாட்டி நிற்கும். வெளிமுனை, சக்கரம் மாட்டும் ஹப்புக்குள் நுழைந்து வெளியே வந்து, சக்கரத்தின் நடுவில் தெரியும் பெரிய நட்டால் இறுகியிருக்கும். நடுவே இரண்டு சிவி ஜாயின்ட்டுகள், அதாவது வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகள். வெளி ஜாயின்ட்டில் பெரும்பாலும் ஆறு குண்டுகள்; ஸ்டீயரிங் திருப்பும்போது நன்றாக வளைந்து கொடுப்பது இது. உள் ஜாயின்ட்டில் பெரும்பாலும் மூன்று உருளைகள் ஒரு கோப்பைக்குள் ஓடும். சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம் கொடுப்பது இது. சில கார்களில் உள்முனை செருகியிருக்காது, ஃபிளாஞ்ச் என்ற தட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். இன்னும் சிலவற்றில் நீளமான பக்கத்தில் இடையே இன்னொரு ஷாஃப்ட்டும் அதைத் தாங்க ஒரு பேரிங்கும் உண்டு. உங்கள் காரில் எந்த அமைப்பு என்று கீழே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த நான்கைந்து இடங்களில் ஒன்றுதான் குற்றவாளி.

தூக்குவதற்கு முன்

சமதளமான கெட்டித் தரை, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக். ஜாக்கியால் தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்கி நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போக வேண்டாம். ஆக்ஸில் கழன்றிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இன்னொன்றும் முக்கியம்: ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பார்க்' போட்டாலும், மேனுவலில் கியரில் விட்டாலும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்த ஷாஃப்ட்டுகள் வழியாகத்தான். ஒரு பக்கம் கழன்றிருந்தால் அந்தப் பிடி இருக்காது, சரிவில் வண்டி உருளும். கட்டையும் ஹேண்ட் பிரேக்கும்தான் அப்போது துணை.

இன்ஜினை ஓடவிட்டு, சக்கரத்தைத் தூக்கிய நிலையில் கியர் போட்டுப் பார்க்கும் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆபத்து என்பது ஒரு காரணம். சக்கரங்கள் தொங்கும்போது ஜாயின்ட்டுகள் சாலையில் ஒருபோதும் வராத கோணத்துக்கு வளைந்து, நல்ல ஜாயின்ட்டும் கடகடக்கும் என்பது இன்னொரு காரணம்.

எந்த ஆட்டம் சரி, எந்த ஆட்டம் தப்பு

நியூட்ரலில் போட்டு, ஷாஃப்ட்டை நடுவில் பிடித்து உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகரும். பார்த்தவுடன் பதறிவிடுவார்கள். அது பழுதல்ல, உள் ஜாயின்ட் அப்படி நகரத்தான் செய்யப்பட்டிருக்கிறது. புது ஷாஃப்ட்டும் நகரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் மாற்றப்பட்ட ஆக்ஸில்கள் ஏராளம்.

அடுத்து ஷாஃப்ட்டைச் சுற்றுவாக்கில் முன்னும் பின்னும் முறுக்குங்கள். இங்கே கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். எதையும் பிடிக்காமல் முறுக்கினால் கியர்பாக்ஸுக்குள் பற்களுக்கிடையே இருக்கும் இடைவெளியும் சேர்ந்து வரும். அது எல்லா வண்டியிலும் உண்டு. அதனால் ஒரு கையால் உள் ஜாயின்ட்டின் கோப்பையை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஷாஃப்ட்டை மட்டும் முறுக்குங்கள். கோப்பைக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே 'கடக்' என்று கையில் தட்டுப்பட்டால் உள் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அப்புறம் உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஷாஃப்ட்டை வெளி ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்து முறுக்குங்கள். ஹப் நின்றுவிட்டதால் இப்போது தெரியும் ஆட்டம் வெளி ஜாயின்ட்டுடையது, அல்லது ஹப்புக்குள் ஷாஃப்ட் பொருந்தும் நீளவாக்குப் பற்களான ஸ்ப்லைனுடையது. எது என்று பிரிக்க, நடுவிலுள்ள நட்டைக் கண்ணால் பாருங்கள். ஹப் நிற்க, நட்டும் ஷாஃப்ட்டின் நுனியும் மட்டும் துளி அசைந்தால் ஸ்ப்லைன். நட் அசையாமல் பின்னால் மட்டும் ஆடினால் ஜாயின்ட்.

கடைசியாக உள் கோப்பையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிதாக அசையலாம். கண்ணுக்குத் தெரியும்படி தொளதொளவென்று ஆடினால், கியர்பாக்ஸ் பக்கம் அதைத் தாங்கும் இடமே தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஷாஃப்ட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

இவை எல்லாவற்றிலும் எண்ணிக்கையைவிட ஒப்பீடுதான் உதவும். இடது பக்கம் செய்ததை வலது பக்கமும் செய்யுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஆடினால் பெரும்பாலும் இயல்பு. ஒன்று மட்டும் தனியாக ஆடினால் அங்கேதான் வேலை.

அறிகுறி: வளைவில் 'டிக் டிக் டிக்'

ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, காலியான இடத்தில் மெதுவாக வட்டமடிக்கும்போது வருவது, வேகத்தோடு சத்தமும் விரைவது: வெளி சிவி ஜாயின்ட். இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜாயின்ட்டை மூடியிருக்கும் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்துப்போய், மண்ணும் தண்ணீரும் உள்ளே புகுந்து, குண்டுகள் ஓடும் பள்ளங்கள் குழிவிட்டிருக்கும். சக்கரத்தின் உட்புறத்திலும் பக்கத்தில் இருக்கும் கம்பிகளிலும் கறுப்பாகக் கிரீஸ் வரியாகத் தெறித்திருந்தால் எந்தப் பக்கம் என்றும் தெரிந்துவிடும். "வலது பக்கம் திருப்பினால் கேட்டால் இடது ஜாயின்ட்" என்று சொல்வார்கள். வளைவின் வெளிப்பக்கச் சக்கரம்தான் சத்தம் போடும் என்ற அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி, ஆனால் அதை மட்டும் நம்பிப் பொருள் வாங்காதீர்கள். கிழிந்த பூட் அதைவிட நல்ல சாட்சி.

பூட் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால், கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸும் பூட்டும் போட்டுக் காப்பாற்றலாம். சத்தம் ஆரம்பித்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

அறிகுறி: கிளம்பும்போதும் ரிவர்ஸிலும் ஒரே ஒரு 'டக்'

இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். முன்னே கிளம்பும்போது ஒரு தடவை, பிறகு அமைதி. ரிவர்ஸ் போட்டு நகர்ந்தால் இன்னொரு தடவை. அல்லது காலை எடுத்து மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது. திசை மாறும்போது எங்கோ ஓர் இடைவெளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் இடிக்கிறது. அந்த இடைவெளி எங்கே என்பதுதான் கேள்வி.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது ஹப் நட். கழற்ற வேண்டியதில்லை, காசும் செலவில்லை. நடுவிலிருக்கும் சின்ன மூடியை நெம்பி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டுக்கும் வாஷருக்கும் அடியிலிருந்து, ஸ்ப்லைன் பற்களின் ஓரமாக, மாவு போல மெல்லிய செந்நிறத் தூள் கசிந்திருக்கிறதா? பொதுவான துரு பரவலாக, ஒட்டினாற்போல இருக்கும். இது அப்படியில்லை, விரலால் தொட்டால் வந்துவிடும். இரண்டு இரும்புப் பரப்புகள் இடைவிடாமல் ஒன்றோடொன்று உரசினால்தான் இந்தத் தூள் வரும். இறுக்கமாக இருக்கும் நட்டின் அடியில் இது இருக்காது.

அடுத்து நட் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சில கார்களில் நட்டின் மெல்லிய விளிம்பை ஷாஃப்ட்டிலுள்ள பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். சிலவற்றில் குறுக்கே செருகிய காட்டர் பின். சிலவற்றில் தானே பிடித்துக்கொள்ளும் நட். மடக்கிய விளிம்பு பள்ளத்துக்கு நேராக இல்லாமல் தள்ளி நின்றாலோ, விளிம்பில் இரண்டு இடத்தில் தட்டிய தடம் இருந்தாலோ, முன்பு வேலை செய்தவர் பழைய நட்டையே திரும்பப் போட்டிருக்கிறார். பல தயாரிப்பாளர்கள் இந்த நட்டை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறார்கள்.

பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லையா? பெயின்ட் மார்க்கரால் ஷாஃப்ட் நுனியிலிருந்து நட், வாஷர், ஹப் வரை நேராக ஒரு கோடு போடுங்கள். சில நாள் வழக்கம்போல ஓட்டுங்கள், கிளம்புவதும் நிறுத்துவதுமாக. பிறகு மூடியை எடுத்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட் நகரவில்லை. நட்டில் இருக்கும் துண்டு மட்டும் தள்ளிப் போயிருந்தால் நட் திரும்புகிறது. ஷாஃப்ட்டில் இருக்கும் துண்டுக்கும் ஹப்பில் இருப்பதற்கும் இடையே விலகல் தெரிந்தால் ஸ்ப்லைனே தேய்ந்துவிட்டது. அப்போது ஷாஃப்ட்டோடு ஹப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய பற்கள் புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

நட் தளர்ந்திருப்பதைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான முன்சக்கர இழுவைக் கார்களில் சக்கர பேரிங்கின் உள்வளையங்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பதும் இதே நட்தான். அது தளர்ந்த நிலையில் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கி ஓடினால் பேரிங் கெட்டுவிடும். ஆகவே நட்டைத் தளர்த்திவிட்டு வண்டியை இரண்டடிகூட உருட்டக் கூடாது. திரும்ப இறுக்கும்போது புது நட் போட்டு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பல கார்களில் அது 180 முதல் 300 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்களுடையது வேறாகவும் இருக்கலாம். 250 என்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 25 கிலோ எடை தொங்கும் விசை. சக்கரத்தைக் கழற்ற வைத்திருக்கும் குட்டை ஸ்பானரால் கையால் இறுக்கியது இதற்கு அருகில்கூட வராது. ஏர் கன்னால் இறுக்கிவிட்டு "நல்லா டைட்டா இருக்கு" என்பதும் அளவு அல்ல.

நட் சரியாக இருக்கிறது, தூளும் இல்லை, ஆனால் 'டிக்' மட்டும் கேட்கிறது என்றால் வெளி ஜாயின்ட்டின் தோள்பகுதி பேரிங்கோடு ஒட்டும் இடம் காய்ந்து, திசை மாறும்போது வழுக்கி எகிறும் சத்தமாக இருக்கலாம். பிரித்துச் சுத்தம் செய்து, தொடும் பரப்பில் லேசாகக் கிரீஸ் தடவி, புது நட்டோடு பூட்டினால் போய்விடும். ஆபத்தில்லாத சத்தம்தான், ஆனால் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

ஹப்பில் ஒன்றும் இல்லையென்றால் உள் ஜாயின்ட்டுக்குப் போங்கள். மேலே சொன்ன முறுக்குச் சோதனை. அதுவும் நன்றாக இருந்தால் ஷாஃப்ட்டை விட்டுவிடுங்கள். பானெட்டைத் திறந்து, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, உள்ளே உட்கார்ந்திருப்பவரை பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முன்கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாறி மாறி லேசாக இழுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் எகிறிக் குதித்தால் அதைத் தாங்கும் மவுண்ட் போயிருக்கிறது. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலும், பிரேக் பேட் அதன் இடத்தில் தொளதொளத்தாலும் இதே 'டக்' வரும். பேட்தான் என்று சந்தேகம் இருந்தால் நகரும்போது பிரேக்கைப் பட்டும் படாமலும் மிதித்தபடி கேளுங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ பேட்.

அறிகுறி: மிதித்தால் உதறல், காலை எடுத்தால் அமைதி

நடுத்தர வேகத்தில், மேட்டில் ஏறும்போதோ முந்தும்போதோ வண்டியின் முன்பக்கம் இடமும் வலமுமாக நடுங்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியே நிற்கும். உள் ஜாயின்ட்டில் உருளைகள் ஓடும் தடம் குழி விழுந்திருக்கிறது. சுமை இருக்கும்போது உருளை குழியில் சிக்கிச் சிக்கிப் போகும்; சுமை போனதும் சும்மா மிதக்கும். டயர் பேலன்ஸ் குறைபாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்: பேலன்ஸ் நடுக்கம் வேகத்தைப் பொறுத்தது, காலை எடுத்தாலும் அந்த வேகம் இருக்கும்வரை தொடரும்.

அண்மையில் கிளட்ச் வேலையோ கியர்பாக்ஸ் வேலையோ நடந்திருந்தால், ஃபிளாஞ்ச் வகைக் காராக இருந்தால், ஜாயின்ட்டைக் குறைசொல்லும் முன் அந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தாலே உதறலும் தட்டலும் சேர்ந்து வரும். ஒன்று விழுந்தே போயிருந்தால் மற்றவையும் வளைந்திருக்கலாம், மொத்தமாக மாற்றிவிடுங்கள். மவுண்ட் அமுங்கி இன்ஜின் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் உள் ஜாயின்ட்டின் கோணம் கூடி, நல்ல ஜாயின்ட்டே உதறும்.

அறிகுறி: 'ஊஊ' என்ற இரைச்சல், ஏபிஎஸ் விளக்கு

வேகத்தோடு ஏறும் இரைச்சல், நேர்ச்சாலையில் வண்டியை லேசாக இடமும் வலமும் அசைத்தால் குரல் மாறுகிறது என்றால் சக்கர பேரிங். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங் அல்லது ஹப் நட். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் போன்ற ஸஸ்பென்ஷன் பாகம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடைப் பாருங்கள். வண்டியை அசைத்தாலும் இரைச்சல் மாறவே இல்லை, இடை ஷாஃப்ட் உள்ள கார் என்றால் அதன் பேரிங்கையும் சந்தேகப்படலாம்.

பல பழைய கார்களில் ஏபிஎஸ் சென்ஸார் படிக்கும் பல்வளையம் வெளி ஜாயின்ட்டின் மேலேயே பொருத்தியிருக்கும். அது துருப்பிடித்து வெடித்தாலோ, ஷாஃப்ட் ஆடுவதால் சென்ஸாரிலிருந்து விலகினாலோ விளக்கு எரியும். சில சமயம் நிற்கப்போகும் வேகத்தில் பெடல் காரணமில்லாமல் துடிக்கும்.

அறிகுறி: கியர்பாக்ஸ் ஓரத்தில் எண்ணெய்

ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஈரம் தெரிந்தால் ஆயில் சீல் என்று முடிவுகட்டும் முன், கோப்பைக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதே மாதிரிக் கார் ஒன்று பக்கத்தில் கிடைத்தால் ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நின்றால் சர்க்கிளிப் அதன் பள்ளத்தில் உட்காரவே இல்லை. ஆக்ஸில் மாற்றிய கையோடு ஒழுகத் தொடங்கிய வண்டியில் இது அடிக்கடி நடப்பது. இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த அறிகுறியில்தான் போய் நிற்கும்.

அறிகுறி: இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை

கியர் போட்டு மிதித்தால் கரகரவென்று அரைக்கும் சத்தம், சில கார்களில் ஸ்பீடோமீட்டர் முள்கூட ஏறும், வண்டி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். கிளட்சோ கியர்பாக்ஸோ போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன் குனிந்து பாருங்கள். சுழற்சியை இரண்டு பக்க ஷாஃப்ட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், தடை குறைவாக இருக்கும் பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். ஒரு பக்கம் கழன்றால் அந்தப் பக்கம் வெறுமனே சுற்றும், மறுபக்கச் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. கோப்பை முழுக்க வெளியே வந்திருக்கலாம். கோப்பை உள்ளேயே இருக்க, பூட்டைக் கிழித்துக்கொண்டு உருளைகள் மட்டும் வெளியே வந்திருக்கலாம். ஷாஃப்ட் முறிந்தும் இருக்கலாம்.

திரும்பத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏன் வந்தது? தேய்ந்த சர்க்கிளிப், நீளம் பொருந்தாத மாற்று ஷாஃப்ட், உடைந்த மவுண்ட், கழன்ற பால் ஜாயின்ட் அல்லது கிழிந்த கீழ் ஆர்ம் புஷ் காரணமாக சக்கரமே வெளியே விலகியது. இவற்றில் ஒன்று இருக்கும். கடைசி இரண்டில் எதுவானாலும் ஆக்ஸில்தான் உங்களுக்குச் சொன்ன எச்சரிக்கை; வண்டியை ஓட்டக்கூடாது.

பூட்டும்போது சர்க்கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள். சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, ஸ்ப்லைன் பற்கள் சீலைக் கீறாதபடி ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடித்து நேராக நுழைத்து, பற்கள் பொருந்தும்வரை லேசாகத் திருப்பி, பிறகு ஒரே வேகத்தில் உள்ளே தள்ளுங்கள். கிளிப் விழும் 'க்ளிக்' கையில் தெரியும். உட்கார்ந்துவிட்டதா என்று சோதிக்க கோப்பையைப் பிடித்து இழுக்க வேண்டும், ஷாஃப்ட்டை அல்ல. ஷாஃப்ட்டை இழுத்தால் பூட்டுக்குள்ளே உருளைகள் கோப்பையைவிட்டு வந்துவிடும், அது வெளியே தெரியாது. கோப்பை அசையாமல் நின்றால் சரி.

ஷாஃப்ட் வெளியே வந்தபோது எண்ணெயும் கொட்டியிருக்கும். அளவு பார்த்து, மேனுவல் சொல்லும் அதே வகை எண்ணெயை ஊற்றிய பிறகுதான் இன்ஜினைத் தொட வேண்டும். சாலையில் இது நடந்து வண்டியை இழுத்துப் போக வேண்டியிருந்தால் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கித்தான் இழுக்கச் சொல்லுங்கள். தரையில் உருண்டால் கழன்ற ஷாஃப்ட் சுற்றிச் சுற்றி அடித்து, சீலையும் பிரேக் ஹோஸையும் சேர்த்துப் பதம் பார்த்துவிடும்.